சகலன்ட கறுப்புக் கண்ணாடி

நம்பினா நம்புங்க, நம்பாட்டி உங்கட வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கு அதுல ஒரு நட்டமும் இல்ல. ஆரையும் நம்ப வைக்க வேணுமெண்டு நான் இதச் சொல்லல்ல. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு கராஜுக்கு வாற ஆக்களப் பாத்து இந்த மனிசன் ஏன் எரிஞ்சு விழுறான் எண்டு நீங்க கேட்டீங்க, அதுக்காகத்தான் சொல்றன். இடையில சிரிச்சா நிப்பாட்டிப் போடுவன்.

முதல்ல ஒண்டச் சொல்லி வைக்கிறன். பேய், பிசாசு, சூனியம் ஒண்டுலயும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்ல. நாவற்குடாவுல இருபத்திரண்டு வருசமா வாகனத்துக்கு வயரிங் வேலை செய்றன். ஆக்கள் வருவாங்க, வண்டி தானா ஹோன் அடிக்குது, கோயிலுக்குக் கொண்டுபோய் தேசிக்காய் வெட்டினம், அப்பயும் அடிக்குது எண்டு முகம் வெளிறிப் போய்ச் சொல்லுவாங்க. பொனட்டத் திறந்து பாத்தா எலி கடிச்ச வயர் ஒண்டு தகரத்துல முட்டிக்கிட்டுக் கிடக்கும். வண்டியில எரியிற எந்த லைட்டுக்கும் பின்னால ஒரு வயர் இரிக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச வேதம்.

இனி எங்கட சகலனப் பத்திச் சொல்ல வேணும், அதாவது என்ட மனிசிட அக்காட புருசன். கொந்தராத்துக்காரர். கொங்கிறீட்டு போட்டு போட்டு மனிசன்ட மனசும் அப்படியே இறுகிப் போச்சி எண்டுதான் நான் நினைக்கிற. எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு பொம்புளைக்குத்தான், நாங்க ஆம்புளையள்தான் பெட்டியத் தூக்கிக்கிட்டு மனிசி வீட்டுக்குப் போறது. ஆனா அந்த வீட்டுல அவரக் கேக்காம அக்கா ஒரு கதிரைய நகத்தேலாது. ஊருக்குத்தான் அது அக்காட வீடு.

அவருக்கு ஜப்பான்ல இருந்து வந்த காரு ஒண்டு இருந்திச்சி, முள்ளு மீட்டர் இல்ல, எல்லாம் ஸ்கிரீன். வேகம், பெட்ரோல், கியர் எல்லாம் அதுக்குள்ளதான் எழுத்தா வரும். அந்தக் கார மூண்டு தரம் எனக்கிட்டக் கொண்டு வந்தார். மீட்டர் செத்துச் செத்து வருது, நீ வேலை தெரியாத ஆள், போன கிழமை பாத்ததுக்கு இந்தக் கிழமை திரும்பவும் போச்சி எண்டு வாசல்ல நிண்டு சத்தம். நான் பாக்கக்குள்ள நல்லாத்தான் எரியும். மூண்டாவது தரம் நான் பக்கத்துச் சீட்டுல ஏறி, அவரையே ஓட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தன். மனிசன் புதுசா வாங்கின கறுப்புக் கண்ணாடியப் போட்டார், அடுத்த நிமிசம் 'இந்தா போச்சி, இந்தா போச்சி' எண்டு கத்தினார். எனக்கு முன்னால மீட்டர் பளிச்செண்டு எரியிது.

விசயம் இதுதான், பேய் ஒண்டும் இல்ல. அந்த மாதிரிக் கண்ணாடிக்குப் போலரைஸ்ட் எண்டு பேர், தண்ணியிலயும் றோட்டுலயும் பட்டு அடிக்கிற கூச்சத்த அது வெட்டும். வாவியில வலை போடுற ஆக்களும் இப்ப அதத்தான் போடுறாங்க, தண்ணிக்குள்ள மீன் ஓடுறது தெரியுமாம். மீட்டர் ஸ்கிரீனுக்கு மேலயும் அதே சாதித் தாள் ஒண்டு ஒட்டியிரிக்கி. ரெண்டும் ஒண்டுக்கொண்டு குறுக்கா வந்திட்டா வெளிச்சம் வராது, ஸ்கிரீன் கறுப்பாத் தெரியும். தலைய ஒரு பக்கம் சரிச்சா திரும்பவும் தெரியும். நான் கராஜுக்குத் திரும்பி வந்து, 'அண்ணன், வண்டிக்கு ஒண்டும் இல்ல, உங்கட கண்ணாடியக் கழட்டுங்க' எண்டு சொன்னன். கழட்டினார், தெரிஞ்சிது. அங்க நிண்ட அஞ்சாறு பேரும் சிரிச்சாங்க. ஆகக் கூடச் சிரிச்சது நான், பொய் சொல்லல்ல.

அதோட மனிசன் என்னோட கதைக்கிறத நிப்பாட்டினார். கண்ணாடியக் கழட்டவும் இல்ல. கழட்டினா நான் சொன்னது சரி எண்டு ஆகிப்போகுமே! தலைய இடப்பக்கம் தோளுக்குச் சரிச்சபடியே கார ஓட்டித் திரிஞ்சார், நாலு வருசம். கழுத்துல வாதம் எண்டு ஊருக்குள்ள கதைச்சாங்க. எனக்கும் அவருக்கும் மட்டும் அந்தச் சரிவுட காரணம் தெரியும், றோட்டுல எதிர்ப்பட்டா அந்தச் சரிஞ்ச தலையோட என்னை ஒரு பார்வை பாப்பார், கொலை செய்ற மாதிரி.

அவருக்கும் அக்காக்கும் ஒரே மகள், வதனி. செட்டிபாளையத்துப் பொடியன் ஒருத்தனை விரும்பி, பதிவுக் கல்யாணம், எழுத்து எழுதிட்டாள். பொடியன்ட தகப்பன் வாவியில மீன் புடிக்கிறவர், அதுதான் குற்றம், வேற ஒண்டும் இல்ல. சகலன் அடுத்த நாளே அவள்ட உடுப்புகள றோட்டுல எறிஞ்சார். இவள் இந்த வாசல மிதிக்கப்படாது, நீ அவள்ட வாசல மிதிக்கப்படாது, நான் செத்தாலும் அவள் என்ட முகத்துல முழிக்கப்படாது எண்டு அக்காக்கு முன்னால சாமிப் படத்துல கை வெச்சுச் சொன்னார். பிறகு ஒரு நாள் நெஞ்சு நோவெண்டு ஆசுபத்திரிக்குப் போனவர், சவப்பெட்டியிலதான் வந்தார். வதனி ஏழு மாச வயித்தோட கேட்டடிக்கு வந்து நிண்டாள். சகலன்ட தம்பிமார் உள்ளுக்கு விடல்ல. நானும் அதுல நிண்டன். என்ட வாயால ஒரு சொல்லு வரல்ல, அதுக்கு என்னை எவ்வளவு ஏசினாலும் தகும்.

அவளுக்குப் புள்ள பிறந்திச்சி, பொம்புளப் புள்ள. அக்கா போக வெளிக்கிட்டு ஒரு தரம் காத்தான்குடி பஸ் தரிப்பிடத்தோட திரும்பி வந்தா, இன்னொரு தரம் ஓட்டோவுல கிரான்குளம் மட்டும் போயிட்டுத் திரும்பி வந்தா. செத்தவருக்கு இந்த மனிசி என்னத்துக்குப் பயப்புடுறா எண்டு எனக்குக் கோவம் கோவமா வரும். புள்ள பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்கு, அதாவது பிறந்த தீட்டுக் கழிக்கிற அண்டு காலமை, வதனி போன் எடுத்தாள். ஸ்பீக்கர்ல எங்களுக்கும் கேட்டிச்சி.

"அம்மா, இண்டைக்கு வாங்க. இண்டைக்கும் பாதியில திரும்பினா இனி வரவேணாம். நான் இந்தப் புள்ளைக்கு அம்மம்மா இல்லையெண்டு சொல்லி வளக்கிறன்."

அக்கா போன வெச்சிட்டு என்னப் பாத்து, "தம்பி, நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. நான் திரும்பச் சொன்னாலும் திரும்பாதீங்க" எண்டா. சரி எண்டன். அந்த ஒரு வாக்குத்தான் நான் குடுத்தது.

என்ட வானுட எஞ்சின் கழட்டிக் கிடந்திச்சி, வேற வழியில்லாம சகலன்ட கார எடுத்தன். மூண்டு மாசம் கொட்டிலுக்குள்ள நிண்ட வண்டி, பெட்டரி சார்ஜ் போட்டு, டயருக்குக் காத்தடிச்சு, எல்லாத்தையும் நானே பாத்தன், ஒரு பிழையும் இல்ல. பின்நேரம் மூண்டு மணி, நல்ல வெயில். முன்னுக்கு ஏறுங்க எண்டன், அக்கா மாட்டன் எண்டு பின் சீட்டுல இடப்பக்கத்து மூலையில ஏறி, குழந்தைக்கு வாங்கின உடுப்புப் பையை மடியில வெச்சுக்கிட்டு இருந்தா. காத்தான்குடிக்குள்ள வழமையான சனம், ரெண்டு பக்கமும் புடவைக்கடை, றோட்டு நடுவுல பேரீச்சமரம், ஆமை வேகத்துலதான் போகலாம். ஆரையம்பதி தாண்டினதும் வாவிப் பக்கத்து றோட்டால போங்க தம்பி எண்டா, மெயின் றோட்டுல தெரிஞ்ச ஆக்கள் கண்டா அவர்ட தம்பிமாருக்குச் சொல்லிருவாங்களாம். நானும் திருப்பினன்.

அந்த றோட்டுல வலப்பக்கம் முழுக்க வாவி. சரிஞ்ச வெயில் தண்ணியில பட்டு அப்படியே என்ட முகத்துல அடிக்குது, கண்ணத் திறக்க ஏலாது. பின்னுக்குப் பாக்கிற கண்ணாடிக்கு மேல, கூரையில ஒரு சின்னப் பெட்டி இரிக்கும் பாருங்க, அதத் தட்டினா சகலன்ட கறுப்புக் கண்ணாடி. அவர் பூசுற தைல மணம் இன்னும் அதுல இருந்திச்சி. எனக்குக் கொஞ்சம் அருவருப்பா இருந்தாலும், வெயில் கொளுத்துது, எடுத்துப் போட்டன். செத்தவர்ட சாமானத் திவசத்துக்கு முதல் தொடப்படாது எண்டு மனிசி சொல்லுவாள்தான். நான் அதையெல்லாம் கேட்ட நாள் இல்ல.

போட்டதும் மீட்டர் கறுத்திச்சி. எனக்குச் சிரிப்பு வந்திச்சி. தலைய இடப்பக்கம் சரிச்சன், தெரிஞ்சிது. வேகம் நாப்பத்தாறு, பெட்ரோல் பாதி, எல்லாம் சரி. கியர் இரிக்கிற இடத்துல மட்டும் ஆர் எண்டு இருந்திச்சி.

ஆர் எண்டா வண்டி பின்னுக்குப் போற கியர். வண்டி முன்னுக்குப் போகுது, நாப்பத்தாறுல. கியர்த் தடியப் பாத்தன், முன்னுக்குப் போற கியர், டியில சரியா இரிக்கி. கண்ணாடியக் கழட்டிப் பாத்தன், மீட்டர்லயும் டி. போட்டுத் தலையச் சரிச்சன், ஆர். கழட்டினா டி, போட்டா ஆர். நீங்களா இருந்தா அதத் தூக்கி எறிஞ்சிருப்பீங்க, நான் வயரிங்காரன், எனக்கு ஏன் எதுக்கெண்டு பாக்காம விடேலாது. அந்தத் தாளுகள் வெளிச்சத்த மறைக்கும், ஒரு எழுத்த இன்னொரு எழுத்தா மாத்தாது. ஆறேழு தரம் கழட்டிக் கழட்டிப் போட்டுப் பாத்தன், அதுதான் நான் விட்ட பிழை.

பிறகு பீப் பீப் எண்டு சத்தம் வந்திச்சி. ஜப்பான் காருல பின்னுக்கு எடுக்கக்குள்ள உள்ளுக்கு ஒரு சத்தம் வருமே, அது. முன்னுக்குப் போய்க்கிட்டிரிக்கிற வண்டியில அது அடிக்குது.

"என்ன தம்பி, திருப்புறீங்களா?" எண்டு அக்கா பின்னால இருந்து கேட்டா.  அப்ப சத்தம் அவக்கும் கேட்டிருக்கு, விளங்குதா? எனக்கு மட்டும் கேட்டிருந்தா வெயில் மூளையில அடிச்சிட்டுது எண்டு விட்டிருப்பன்.

இல்லக்கா, பயப்புடாதீங்க எண்டு சொல்லத்தான் வாயத் திறந்தன். தலைய நிமித்திக் கதைப்பம் எண்டு பாத்தா தலை நிமிருதில்ல. நோவு ஒண்டும் இல்ல, ஆரோ பக்கத்துல இருந்து காதோட சேத்து உள்ளங்கையால தோளுக்கு அமத்திப் புடிச்ச மாதிரி. கையை எடுத்துக் கண்ணாடியக் கழட்டுவம் எண்டா கை ஸ்டியரிங்க விட்டு வருதில்ல. எனக்குச் சரியான பயம் வந்திட்டுது, அதச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல. பயத்தோட சேந்து ஒரு கோவமும் வந்திச்சி, அதுதான் இன்னும் மோசம், அப்படி ஒரு கோவம் என்ட வாழ்க்கையில வந்ததில்ல. பின்னால இரிக்கிற அந்த மனிசி மூச்சு விடுற சத்தம் கூட எனக்குப் புடிக்கல்ல. நான் சொல்ல நினைச்சது வரல்ல. என்ட வாயால, என்ட குரல்லதான், வந்திச்சி:

"எவள்ட வாசலுக்குடி போறாய்?"

நான் அக்காவ நீ எண்டு கூடச் சொன்னதில்ல.

அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல. நித்திரை மாதிரி இல்ல, மயக்கம் மாதிரியும் இல்ல. இடையில ஒரு துண்டு இல்ல, வெட்டி எடுத்த மாதிரி.

எனக்குத் திரும்ப அறிவு வரக்குள்ள நான் வண்டிக்கு வெளியில நிக்கிறன். பின் கதவு திறந்து கிடக்கு. வண்டி மூக்கு நாவற்குடாப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, ஒடுங்கின றோட்டுல அத எப்ப எப்படித் திருப்பினன் எண்டு எனக்குத் தெரியாது. குழந்தைட உடுப்பெல்லாம் மணல்ல கிடக்கு. என்ட வலக்கை அக்காட மணிக்கட்ட முறுக்கிப் புடிச்சுக்கிட்டிரிக்கி. விரல் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்திச்சி. என்ட தலை இன்னும் சரிஞ்சுதான் இரிக்கி, அதால அவட முகம் எனக்குச் சாய்வாத் தெரியிது. வாவியில தூரத்துல ஒரு தோணி, அதுல இருந்தவர் துடுப்புப் போடாம எங்களையே பாத்துக்கிட்டு இருந்தார்.

அக்கா அழல்ல. மற்றக் கைய நீட்டி என்ட முகத்துல இருந்த கண்ணாடிய மெதுவா, காதுல சிக்காமக் கழட்டினா. கழட்டினதும் என்ட கை விட்டிட்டுது, கழுத்தும் நிமிந்திட்டுது, நான் அப்படியே மணல்ல குந்திட்டன்.  அவ கண்ணாடிய மடிச்சு, முன் டயருக்கு முன்னால றோட்டுல வெச்சா. உடுப்பெல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பொறுக்கி, மண் தட்டி, பைக்குள்ள போட்டா. பிறகு முன் கதவத் திறந்து, எனக்குப் பக்கத்துச் சீட்டுல ஏறி இருந்தா. அந்தச் சீட்டுல அவ இருந்து நான் அண்டைக்குத்தான் கண்டன்.

"வண்டிய எடுங்க தம்பி" எண்டா. "அதுக்கு மேலால எடுங்க."

எடுத்தன். டயருக்குக் கீழ நெறுக்கெண்டு ஒரு சத்தம். வண்டியத் திருப்பி வரக்குள்ள இன்னொரு தரம் அதுக்கு மேலாலயே வந்தன், அது நானா நினைச்சுச் செய்தது. செட்டிபாளையம் வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டினன். மீட்டர்ல டி, ஒரு பீப்பும் இல்ல, வெயில் கண்ணுக்குள்ள குத்திச்சி, குத்தட்டும் எண்டு விட்டன்.

வதனி வாசல்லதான் நிண்டாள். தாயக் கண்டதும் ஓடி வரல்ல, அப்படியே கதவுல சாஞ்சு நிண்டு அழுதாள். அக்கா இறங்கிப் போய், "மனே, என்ட மகளே, வந்திட்டன்" எண்டு சொல்லி அவளக் கட்டிப் புடிச்சா. பிறகு புள்ளைய வாங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டு உள்ளுக்குப் போனா. அந்தச் சிவந்த கையச் சீலைத் தலைப்பால மறைச்சுக்கிட்டுத்தான் புள்ளைய ஏந்தினா, நான் கண்டன். எனக்கு உள்ளுக்குப் போக முகம் இல்ல. தேத்தண்ணிய வேலியடியில நிண்டு குடிச்சிட்டு, அக்காவ அங்கயே விட்டிட்டு வந்தன். அவ அங்க ரெண்டு கிழமை நிண்டா.

இனி நீங்க கேக்கப் போறத நானே செய்து பாத்திட்டன். மீட்டரக் கழட்டிப் பாத்தன், கியர்ப் பெட்டிட வயரெல்லாம் ஒவ்வொண்டாச் சோதிச்சன், கொம்பியூட்டர் போட்டுப் பாத்தன், ஒரு பிழையும் இல்ல. அதே சாதிக் கண்ணாடி ஒண்டு காத்தான்குடியில புதுசா வாங்கி, அதே றோட்டால, அதே மூண்டு மணிக்கு, அதே கார ஓட்டினன். மீட்டர் கறுத்திச்சி, தலையச் சரிச்சாத் தெரிஞ்சிது. டி டியாத்தான் இருந்திச்சி. வெயில் மூளையில அடிச்சுத்தான் எனக்கு அப்படி ஆனது எண்டு டொக்டர் ஒருத்தர் சொன்னார். வெயில் கியர்ச் சத்தத்த அடிக்க வைக்குமா எண்டு கேட்டன், மருந்து எழுதித் தந்தார். கார அக்கா வித்திட்டா, ஆர் வாங்கினது எண்டு நான் கேக்கல்ல.

இப்ப வதனியும் புருசனும் புள்ளையும் நாவற்குடாவுலதான், அக்காட வீட்டுல. தாய் வீடு மகளுக்கு வந்திட்டுது, சகலன்ட தம்பிமார் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கிறதில்ல. புள்ளை நடக்கத் தொடங்கிட்டுது. அக்காட முகத்துல ஒரு தெளிவு இரிக்கி, சிரிச்சுக் கதைக்கிறா, கதிரையெல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிரிக்கா. அதெல்லாம் எனக்குச் சந்தோசம், மனசாரச் சொல்றன்.

ஆனா ஒரு விசயம். நான் அந்த வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டா அக்கா எழும்பி நிக்கிறா. புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு இருந்தாலும், சோறு தின்னுக்கிட்டு இருந்தாலும் எழும்பி, சுவரோட ஒதுங்கி, நான் போற மட்டும் நிக்கிறா. முன்ன அவ அப்படி இல்ல, நான் வந்தா இருந்தபடியே 'வாங்க தம்பி' எண்டுதான் சொல்லுவா. அந்த வீட்டுல முப்பது வருசமா அவ எழும்பி நிண்டது ஒரே ஒரு ஆளுக்குத்தான் எண்டு என்ட மனிசி சொல்றாள்.

அண்டைக்கு அந்த றோட்டுல நான் என்னக்கா சொன்னன், என்ன செய்தன், சொல்லுங்க, மன்னிப்பாவது கேக்கிறன் எண்டு எத்தனையோ தரம் கெஞ்சிப் பாத்திட்டன். நேத்தும் போய்க் கேட்டன்.

"ஒண்டும் இல்ல தம்பி, நீங்க முதல்ல கதிரையில இருங்க" எண்டு சொன்னா. நான் இருந்து, தேத்தண்ணி குடிச்சு, புள்ளையோட விளையாடிட்டு எழும்பி வாற மட்டும், அவ நிண்டுக்கிட்டேதான் இருந்தா.